சிவப்புப் பென்சிலும் ஒரு கையெழுத்தும்

பாப்பா, இதைத் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு படிக்காதே. வேலைக்குச் சேரும் முதல் நாளே கண்ணைக் கசக்கிக்கொண்டு போச்சம்பள்ளியில் இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் இருக்கும்போதே, நீ தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் படித்துவிடு. நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். மூன்று தடவையும் "என்னப்பா?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டாய், நானும் "ஃபேனை ஆஃப் பண்ணினியா?" என்று ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக பிரஸ் மெஷின் சத்தத்தில் நின்றவன் நான். சின்னக் குரலில் பேச வேண்டிய விஷயங்களைப் பேசிப் பழகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை கிடைத்ததற்காக நம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோமே, உன் மாமா உன்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். நீ எழுந்து நின்று சொன்னாய்: "எங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஏமாத்தி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. பாவம், ஒரு அங்கிளுக்கு அதனால வேலை போச்சு. நான் ஷிஃப்ட் இன்ஜினியரா போறேன். என் லைன்ல அந்த மாதிரி நடக்க விடமாட்டேன்." எல்லாரும் கை தட்டினார்கள். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன், கை தட்டவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். அன்று நீ சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது பாப்பா. அந்தத் தப்பை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதனால் அதை எடுக்க வேண்டியவனும் நான்தான். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

முதலில் இருந்து வருகிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லாக் புக் உண்டு. ஷிஃப்ட் முடிகிறபோது என்ன ஓடியது, என்ன நின்றது, அடுத்து வருகிறவன் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதுவது இங்கிலீஷில். வேறு வழியும் இல்லை. என் பக்கத்து மெஷினில் சூளகிரிக்காரன், வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம். அதற்கு அடுத்தவன் பாகலூர். மெயின்டனன்ஸுக்கு வருகிறவர் மலையாளி. நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பில் வளர்ந்த ஆள். பேசுகிறபோது நாலு பாஷையையும் போட்டுக் கலக்கிவிடுவோம், ஒருத்தருக்கும் சிரமம் இருக்காது. எழுதுகிறபோதுதான் எல்லாருக்கும் நாக்கு வெளியே தள்ளும். எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் என்றால் எழுத்து தெரியும், அதற்குமேல் தெரியாது.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பழைய பக்கங்களைப் புரட்டி, இன்றைக்கு நடந்தது போலவே என்றைக்கோ நடந்ததாகத் தோன்றும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது. மெஷினில் டை அச்சை மாற்றினால் எந்தப் பக்கம், ஆயில் ஒழுகினால் எந்தப் பக்கம் என்று எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பக்கங்களின் மூலையை மடித்து வைத்திருப்போம். "அண்ணா, கரண்ட் போன பக்கம் எதுணா?" என்று பக்கத்து மெஷினில் இருந்து முனிராஜ் கத்துவான். நான் நம்பரைச் சொல்வேன். இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டினேன். ஒருத்தரும் எங்களைக் கேள்வி கேட்டதில்லை. அதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால்தானே கேட்பார்கள்?

ஒரு நாள் மட்டும் யாரோ படித்துவிட்டார்கள். அன்று எட்டு மணி நேரமும் ஒரு தடங்கல் இல்லாமல் நன்றாக வேலை ஓடியது. நல்ல நாளுக்கு நல்ல பக்கமாகப் பார்த்தேன். சின்னதாக, அழகாக ரெண்டு வரி இருந்தது. அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஷிஃப்ட் இன்சார்ஜ் எல்லாரையும் நிறுத்திவைத்துப் படித்தார். "ஆபரேட்டர் ஆப்சென்ட், மெஷின் நாட் ரன்னிங்." ஆபரேட்டர் வரவில்லை, மெஷின் ஓடவில்லை. கீழே என் கையெழுத்து. "ஏம்ப்பா, லீவுல இருக்கிறவன் வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போனியா?" என்றார். ஷாப்பே சிரித்தது. முனிராஜ் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது. உன் டீச்சர் அந்த மாதம்தான் உங்களுக்கு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நவுனுக்கு நீலக் கோடு, வெர்புக்குச் சிவப்பு, அட்ஜெக்டிவுக்குப் பச்சை, இன்னும் எதெதற்கோ என்னென்னவோ நிறம். நீ உன் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து வைத்தாய். "அப்பா, நாளையிலிருந்து லாக் புக்ல இருக்கிற வரியை எழுதிட்டு வா" என்றாய். லாக் புக்கை வெளியே கொண்டுவர விட மாட்டார்கள். அதனால் பேக்கிங் அட்டையில் ஒரு துண்டு கிழித்து, ரெண்டு மூன்று வரி எழுதி, டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு நான் வருவதும் ஸ்கூல் விட்டு நீ வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். டீயைக் குடித்துவிட்டுத் தரையில் உட்காருவோம். நீ என்னை உட்காரவிட மாட்டாய். "ஸ்டூடண்ட் எழுந்து நின்னுதான் பதில் சொல்லணும்" என்பாய். காலையிலிருந்து நின்ற கால், மறுபடியும் நிற்கும்.

நீ சொன்ன பாடம் இன்றைக்கும் எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "எல்லா வார்த்தையையும் பார்த்துப் பயப்படாதேப்பா. முதல்ல சிவப்பைக் கண்டுபிடி. என்ன நடந்துச்சு, என்ன பண்ணாங்கன்னு சொல்ற வார்த்தை அது. அது கிடைச்சதும் அதுகிட்டயே கேளு, யாரு பண்ணாங்கன்னு. அது நீலம். இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி வாக்கியம் உன் கையில. பச்சை எல்லாம் மெதுவா வரட்டும்." எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் ஒருத்தரும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. ரன்னிங், ஸ்டாப்டு, சேஞ்ச்டு, கிளீன்டு, டோல்டு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஓடுகிற ஷீட்டில் கீறலைக் கண் தானாகப் பிடிக்குமே, அதுபோல ஒரு பத்து வாரத்தில் எந்த வரியைப் பார்த்தாலும் சிவப்பு தானாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ் மேல் எழுதியிருப்பது, மருந்து அட்டையில் இருப்பது, கேண்டீன் சுவரில் இருப்பது எல்லாவற்றையும் படித்துக்கொண்டே நடந்தேன். ஒரு நாள், எந்தப் பக்கத்தையும் புரட்டாமல், சொந்தமாக ஒரு வரி எழுதினேன். "சென்சார் நாட் ஒர்க்கிங். டோல்டு இன்சார்ஜ்." வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ குதித்தாய். என் மணிக்கட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு ஸ்டார் போட்டுவிட்டாய். அதை அழியாமல் காப்பாற்ற மறுநாள் சோப்புப் போடாமல் கை கழுவினேன்.

அந்த வரியை நான் ஏன் எழுதினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீயும் ஸ்டார் போட்ட சந்தோஷத்தில் கேட்கவில்லை. பிரஸ்ஸில் கை உள்ளே இருந்தால் மேல்பாகம் இறங்காமல் தடுக்கிற ஒரு சென்சார் உண்டு. முனிராஜ் மெஷினில் அது கெட்டுப்போய், சும்மா சும்மா மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. வெளியே லாரி நிற்கிறது, பீஸ் போக வேண்டும். ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்தார், அந்தப் பெட்டியைத் திறந்தார், ஒயரைப் பிடுங்கி வேறொன்றோடு சேர்த்து முறுக்கினார். "இப்ப நிக்காது, ஓட்டு. ஸ்பேர் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார். எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், பெட்டிக்குள் இருட்டாக இருக்கிறது என்று அவர் என்னைத்தான் டார்ச் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். முனிராஜ் மெஷின் லாக் புக்கை அன்று நானே வாங்கி அந்த வரியை எழுதினேன். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு முனிராஜின் வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. என் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். வேஸ்ட் துணியால் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தவில்லை. "அண்ணா, மெஷினை ஆஃப் பண்ணியா, மெஷினை ஆஃப் பண்ணியா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலு நாள் கழித்து என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ரூம், கண்ணாடி மேஜை. எச்.ஆர். ஆபீசர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "விசாரணை ரிப்போர்ட். நீங்க பக்கத்து மெஷின்ல இருந்தீங்க, அதனால உங்க கையெழுத்து வேணும். இங்கிலீஷ்ல இருக்கு, உங்களுக்குத் தெரியாதில்ல? பரவாயில்ல, வழக்கமா எழுதறதுதான், போடுங்க" என்றார். ஷிஃப்ட் இன்சார்ஜ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் தாளைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை பாப்பா, நீ அப்படிப் பழக்கிவிட்டிருந்தாய். சிவப்பு தானாகத் தெரிந்தது. ரிமூவ்டு. டோல்டு. சா. அதனிடமே கேட்டேன், யார் பண்ணினார்கள் என்று. நீலமும் வந்தது. முனிராஜ் ஒயரை எடுத்தான். ஒருவரும் அவனிடம் எடுக்கச் சொல்லவில்லை. நான் அதைப் பார்த்தேன். மூன்று வரிதான். மூன்றும் பொய். நிமிர்ந்து, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்" என்றேன். பிறகு பேனாவை வாங்கி, தமிழில் என் பெயரை எழுதினேன்.

அதுதான் நடந்தது. நான் ஏமாறவில்லை. படித்தேன், புரிந்தது, போட்டேன்.

ஏன் போட்டாய் என்று நீ கேட்பாய். ஒன்பது வருஷமாக நான் கான்ட்ராக்ட். பர்மனெண்ட் ஆக்குகிறவர்களின் லிஸ்ட் அந்த மாதம்தான் வரப்போகிறது என்று ஷாப்பில் பேச்சு. அந்த ரூமில் லிஸ்ட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. தாளையும் லிஸ்ட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது என் மனசுதான். லிஸ்ட்டில் என் பெயர் வந்தது. கையெழுத்துப் போடாமல் இருந்தாலும் வந்திருக்குமோ என்னவோ. அது தெரியாமலே நான் ரிட்டயர் ஆகப்போகிறேன். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பல வருஷம் எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்தை உன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முனிராஜ் நம் வீட்டுக்கு வந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். கையில் கட்டு. இன்னொரு கையில் அவன் தோட்டத்துப் புதினா ஒரு கட்டு. அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்பு விதியை மீறினான் என்று. நீயும் நானும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அட்டைத் துண்டு நடுவில் கிடந்தது. "அண்ணா, நான் ஒயரைப் புடுங்கினதை நீங்க பார்த்ததா எழுதிக்கீதாம். நீங்க அப்பிடியா சொன்னீங்க?" என்று கேட்டான். கோபமே இல்லை, சந்தேகம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "எனக்கு ஏது முனிராஜ் இங்கிலீஷ்? நீட்டினாங்க, போட்டேன்" என்றேன். அவன் கண் தரையில் கிடந்த அட்டைக்குப் போனது. சிவப்புக் கோடும் நீலக் கோடுமாக இருந்தது. நான் அதை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா சுத்த மக்கு ஸ்டூடண்ட் அங்கிள். இன்னும் ஃபர்ஸ்ட் லெசனே முடிக்கல." என்னைக் கிண்டல் செய்வதாக நினைத்துத்தான் சொன்னாய். அவன் நம்பிவிட்டான். கட்டுப் போடாத கையால் உன் தலையைத் தொட்டுவிட்டு, "நல்லா சொல்லிக் குடு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நீ பென்சில் டப்பாவோடு வந்தபோது வேண்டாம் என்றேன். ஏன் ஏன் என்று நீ விடவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உனக்குச் சொல்லித்தரத் தெரியல. எனக்கு ஒண்ணும் ஏறல. போ" என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நீ அழவில்லை. பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் வரிசையாக அடுக்கினாய், சிவப்பைக் கடைசியாக. அதுவரை யார் கேட்டாலும் டீச்சர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை. இன்ஜினியரிங் படித்தாய், நன்றாகவே படித்தாய், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீ சொல்லித் தந்தது எனக்கு முழுக்கப் புரிந்தது பாப்பா. நீ நல்ல டீச்சர். எனக்கு வாய்த்த வாத்தியார்களில் நீதான் கெட்டிக்காரி. நீ தோற்றதாக ஒரு பொய்யைச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன்.

அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் தெரியாதவனாக நடித்தேன். சினிமாக்காரன்கூட இவ்வளவு நாள் ஒரே வேஷத்தைப் போட மாட்டான். பேங்க் ஃபாரத்தை உன்னிடம் நீட்டுவேன். லாக் புக்கில் மறுபடியும் பழைய பக்கத்தைப் பார்த்து எழுதினேன், நடுநடுவே வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி எழுதி. நீ பத்தாவது படிக்கும்போது உன் கிளாஸ் டீச்சர் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? பாட நேரத்தில் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள், பக்கத்துப் பெண்ணையும் கெடுக்கிறாள், பெற்றோர் கண்டிக்கவும் என்று எழுதியிருந்தது. நீ அதை என் எதிரில் நின்று, "உங்கள் மகள் மிகவும் ஆர்வமாகப் படிக்கிறாள், மற்றவர்களுக்கும் உதவி செய்கிறாள்" என்று தடுமாறாமல் படித்துக் காட்டினாய். நான் "சபாஷ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பாத்ரூமில் போய்ச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வேறொரு ரூமும் கண்ணாடி மேஜையும் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல வேளை, தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். நான் ரிட்டயர் ஆகி, நாலு ஆடு வாங்கி, உன் மாமா நிலத்தில் விட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த ஆட்டைப் பார்க்கத்தான் போன மாதம் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனேன். அங்கே முனிராஜ் நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது. கன்றுக்குட்டியின் கயிற்றை அந்தக் கையின் மிச்ச விரல்களில் சுற்றிப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் "அண்ணா!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டான். ரெண்டு பேரும் டீ குடித்தோம். "பாப்பா என்ன பண்ணிக்கினு இருக்குது?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டான். இன்ஜினியர் என்றேன். அவன் முகம் அப்படி மலர்ந்தது. பிறகு அவன் பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவன் கை போனபோது ரெண்டு வயசுக் குழந்தை, கங்கா. இப்போது ஒன்பதாவது, இங்கிலீஷ் நன்றாகப் படிக்கிறாளாம்.

"ஆதார் கார்டைத் தேடறேன்னு பெட்டியைக் கிளறிச்சுணா. கம்பெனி குடுத்த லெட்டர் கையில மாட்டிக்கிச்சு. உக்காந்து முழுசாப் படிச்சிருச்சு. 'நீயே ஒயரைப் புடுங்கிட்டு, கம்பெனி மேல பழி போட்டியாப்பா?'ன்னு கேக்குது. இல்லம்மான்னா, 'பேப்பர்ல இருக்குது, பார்த்த ஆள் கையெழுத்தும் இருக்குதே'ங்குது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? அன்னிலருந்து எங்கிட்ட சரியாப் பேசறதில்லண்ணா." சொல்லிவிட்டு அவனே என்னைத் தேற்றினான். "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நீங்களும் தெரியாமப் போட்டீங்க, எனக்கும் படிக்கத் தெரியல. போவுது வுடுங்க."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கையில் டீ, எதிரில் ஆள், சுற்றிலும் மாட்டுச் சத்தம், சொன்னாலும் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஆடும் வாங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே கணக்கைத்தான் மனசு போட்டது. என் பெண் என்னை நல்லவன் என்று நினைக்கிறாள், அவன் பெண் அவனைப் பொய்யன் என்று நினைக்கிறாள், ரெண்டும் ஒரே கையெழுத்தால். அடுத்த வாரம் நீ எழுந்து நின்று என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாய். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

வேலைக்குப் போகிறவளுக்கு அப்பன் ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே. நீ ஒன்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இங்கிலீஷ் தெரிந்துவிட்டால் ஒருவரையும் ஏமாற்ற முடியாது என்று. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. உன் லைனில் நாளைக்கு ஏதாவது நடந்து, ஒரு ஆபரேட்டர் உன் முன்னால் நிற்பான். ஒடியாவோ கன்னடமோ பேசுகிறவனாக இருப்பான். தாளை எடுக்காதே. முதலில் என்ன நடந்தது என்று அவனை அவன் பாஷையில் சொல்லவிடு. அவன் சொன்னதை எழுதி, அவனுக்கே படித்துக் காட்டு. அவன் "எனக்குத் தெரியாது மேடம்" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே, உடனே கோபப்படவும் செய்யாதே. அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று பார். அந்தப் பயத்தைத் தீர்க்க உன்னால் முடியும் என்றால் தீர்த்துவிட்டு, அப்புறம் பேனாவைக் கொடு. எனக்கு அன்று எதிரில் இருந்தவர்களில் ஒருத்தர் இதைச் செய்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதுவும் பழியை வேறு பக்கம் தள்ளுகிற பேச்சுதான். விடு.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முனிராஜ் வீட்டுக்குப் போகப்போவதையும் சேர்த்து. பிறகு, "இந்த மாசம் முடிஞ்சா ரிட்டயர் ஆகப் போறீங்க. அதுக்கப்புறம் போய்ச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "வேணாம், இப்பவே சொல்லுங்க. முதல்ல பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றாள். அவள் கேட்டதைத்தான் நானும் யோசித்திருந்தேன். பயப்பட ஒன்றும் மிச்சமில்லாதபோது போய்ச் சொன்னால் கங்கா அதை நம்புவாளோ மாட்டாளோ. இன்னும் என் பெயர் அந்தக் கம்பெனியின் அடையாள அட்டையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். நடந்ததை எழுதி, அதில் ஒரு காப்பி ஆபீஸுக்கும் கொடுக்கப் போகிறேன். அந்த இன்சார்ஜ் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார், அவருக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஆவது ஆகட்டும்.

அடுத்த சந்தை நாளில் சூளகிரியில் முனிராஜ் வீட்டுக்கு நானே போகிறேன். கங்கா ஸ்கூல் விட்டு வரும்வரை காத்திருந்து, அவள் கையில் கொடுக்கப்போகிறேன். அவள் நம்புவது பேப்பரைத்தான். அதனால் பேப்பரிலேயே, இங்கிலீஷிலேயே எழுதியிருக்கிறேன். முனிராஜ் பக்கத்தில் இருக்க, அவள் சத்தமாகப் படிக்கட்டும். அதற்குப் பிறகு அவன் என்னைத் திட்டினாலும் சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் சரி. அவன் அப்படிச் செய்ய மாட்டான், அதுதான் எனக்குக் கஷ்டம். நீ என்னை என்ன நினைப்பாய் என்பதும் எனக்குத் தெரியவில்லை. உடனே எதுவும் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை போய் வேலையில் சேர், மெதுவாகச் சொல்.

உன்னிடம் ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். கடிதத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். எந்தப் பழைய பக்கத்தையும் பார்க்காமல், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் சொந்தமாக எழுதிய வரிகள். "இன்சார்ஜ் ரிமூவ்டு த ஒயர். ஐ ஹெல்டு த டார்ச். முனிராஜ் டிட் நத்திங் ராங். ஐ ரெட் த பேப்பர். ஐ அண்டர்ஸ்டுட். ஐ சைன்டு." வெர்புக்கெல்லாம் நானே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், புதுப் பென்சில் வாங்கி. நீலத்தையும் விடவில்லை. ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் திருத்து. வேறு எதையும் மாற்றிவிடாதே, அப்பா பாவம் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்த்துவிடாதே. சரியாக இருந்தால் மடித்து என் டிபன் பையில் வைத்துவிடு. ஸ்டார் போட வேண்டாம்.

அப்பா